பாலாற்றங்கரையில் முதுமை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி ஒன்றியம். அங்குள்ள கிராமங்களில் 65 வயதைத் தாண்டிய ஆயிரம் பேரிடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முதியவர்களில் யாருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது, எதனால் வருகிறது என்பதுதான் கேள்வி. 2009ஆம் ஆண்டு முடிவு வெளியானது. எட்டுப் பேரில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 12.7 சதவீதம் பேருக்கு, அந்த நோய் இருந்தது.

"வயசானா மனசு சோர்ந்துதான் போகும்" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்கிறோம். கணியம்பாடியின் கணக்கு அதை ஏற்கவில்லை. வயது கூடக்கூட நோய் கூடவில்லை. பெண்ணாகப் பிறந்ததாலும் கூடவில்லை. உடல் இயலாமை, மறதி ஆகியவைகூடத் தனிக் காரணங்களாக நிற்கவில்லை. சர்க்கரை நோயும் இதய நோயும் நின்றன. அவற்றோடு குறைந்த வருமானமும் பசியும் நின்றன. பட்டினி கிடக்க நேர்ந்த முதியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மனம்விட்டுப் பேச ஆட்கள் இருந்தவர்களுக்கோ அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு இது. ஆகவே, பேச ஆளில்லாததால் சோர்வு வந்ததா, சோர்ந்தவரைவிட்டு ஆட்கள் விலகிப்போனார்களா என்று இதைக் கொண்டு மட்டும் அறுதியிட முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். முதுமையின் துயரம் வயதுக் கணக்கைப் பின்பற்றவில்லை. வீட்டின் நிலையைப் பின்பற்றியது.

வேலூர்ச் சீமை ஆஸ்பத்திரிக்கும் தோலுக்கும் பேர்போனது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, இன்று சி.எம்.சி. என்ற பெயரில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வரும் இடமாக வளர்ந்திருக்கிறது. அதன் சமுதாய மருத்துவப் பிரிவு கணியம்பாடியில் ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளரை வைத்து ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்கிறது. ஒரு வட்டாரம் தன் மக்களின் உடலைப் பற்றி இவ்வளவு அறிந்துவைத்திருப்பது இந்தியாவில் அரிது. கிழக்கே போனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், மேற்கே போனால் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் ஊர்கள். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. ஆனால் ஆறும் நெடுஞ்சாலையும் தொழிலும் ஒன்றுதான். நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைகளில் ஒன்று இத்தனை அருகில் இருந்தும் இந்த ஊர்களில் சிலர் மற்றவர்களைவிட வெகு முன்னதாகக் கிழடாகிறார்கள். மருத்துவமனையால் மட்டும் சரிசெய்ய முடியாத ஏதோ ஒன்று இதில் இருக்கிறது.

தோலிலிருந்தே தொடங்கலாம். 1970களின் தொடக்கம்வரை இங்கே பெரும்பாலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். பாதி வேலை முடிந்த அந்தத் தோல் கப்பலேறும். மீதி வேலையின் லாபம் வெளிநாட்டுக்காரருக்கு. 1972இல் ஒன்றிய அரசு அமைத்த சீதாராமையா குழு, முடித்த தோலையும் தோல் பொருட்களையும் ஏற்றுமதி செய்வதே நாட்டுக்கு நல்லது என்று பரிந்துரைத்தது. பாதிப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. குரோமியப் பதனிடல் பரவியது. குரோமியம், தோலில் உள்ள கொலாஜன் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். டிரம்மில் போட்டுச் சுழற்றினால் வாரக்கணக்கில் நடந்த வேலை ஏறத்தாழ ஒரே நாளில் முடியும். நீலம் பாய்ந்து ஈரமாக வெளிவரும் அந்தத் தோலுக்கு 'வெட் புளூ' என்று பெயர். ஆனால் போட்ட குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சிக்கொள்வதில்லை. கணிசமான பகுதி தண்ணீரோடு வெளியே போகும்.

பதனிட உதவும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. அதை எதிலிருந்து தயாரிக்கிறார்களோ அந்த டைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது. அது செல்லுக்குள் எளிதாக நுழைந்து மரபணுப் பொருளைச் சிதைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ராணிப்பேட்டையில் அதைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995இல் மூடப்பட்டபோது இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கே மலையாகக் கிடந்தது. 2006இல் ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கிப்போடுபவர், சதை நீக்குபவர், டிரம்மை நிரப்புபவர், சாயம் தெளிப்பவர், தோலைத் தேய்த்து மெருகேற்றுபவர் என்று ஒரே கூரையின் கீழ் எத்தனையோ வேலைகள். ஒவ்வொன்றும் உடலை ஒவ்வொரு இடத்தில் பிடிக்கும். சுண்ணாம்பு கைத்தோலை வெடிக்கவைக்கும். வெடித்த தோலின் வழியே குரோமியம் ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வேலையை விட்டபிறகும் வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடியது. தேய்க்கும்போது பறக்கும் தோல்தூசியும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது. மூக்குக் குழியில் புற்றுநோய் தரக்கூடியது அது. கழிவுத் தொட்டிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு இறங்கியவரை நொடியில் வீழ்த்தும். இந்த வேலைகளில் மிகவும் ஈரமான, மிகவும் நாற்றமடிக்கும் பகுதி பல தலைமுறைகளாகப் பெரும்பாலும் தலித் மக்கள் கையில்தான் இருந்துவந்திருக்கிறது. இப்போது வடக்கிலிருந்து வரும் இளைஞர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக்கூழ்த் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. மனிதத் தோலில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது. எட்டினால் சரக்கு விற்பனைக்குப் போகாது. அதனால் ஆம்பூர் ஷூ கப்பலேறும் முன் ஆய்வகத்துக்குப் போகிறது. அணிபவரின் பாதத்தைக் காக்க ஓர் எண்ணும், அதை அளக்க ஒரு கருவியும், மீறினால் தண்டனையும் இருக்கின்றன. அதே தோலை மாதக்கணக்கில் தொட்டுப் புரட்டிய கைகளுக்கும் நம் தொழிலாளர் சட்டத்தில் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்துபோகும் தினக்கூலிக்கு அந்த எழுத்து போய்ச் சேர்வது அரிது. யாருடைய தோலை அளக்கிறோம், யாருடையதை அளக்காமல் விடுகிறோம் என்பதில்தான் ஏற்றத்தாழ்வின் அறிவியல் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

"உழைச்ச உடம்பு, ஒண்ணும் ஆகாது" என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவர்களே உடற்பயிற்சி செய்யச் சொல்லும்போது, நாள் முழுக்கத் தோல் தூக்குபவருக்கு என்ன குறை? டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்ற ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையைக் கூலிக்காகச் செய்யும் கடும் உழைப்பு தருவதில்லை. பல ஆய்வுகளில் அது இதய நோயோடு சேர்ந்தே காணப்பட்டது. பயிற்சியில் இதயத்துடிப்பு சிறிது நேரம் ஏறும், பிறகு ஓய்வு கிடைக்கும், உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எட்டுப் பத்து மணி நேரம் குனிந்தும் தூக்கியும் நின்றும் செய்யும் வேலையில் துடிப்பும் ரத்த அழுத்தமும் நாள் முழுக்க உயர்ந்தே இருக்கும். எப்போது நிறுத்தலாம் என்று தீர்மானிப்பது உழைப்பவர் அல்ல, மேஸ்திரி. போதிய புரதமும் தூக்கமும் இல்லாவிட்டால் அந்த உழைப்பு தசையை வளர்ப்பதற்குப் பதில் கரைக்கும்.

கைப்பிடியின் வலிமையைச் சிறிய கருவியால் அளக்கலாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரை ஆராய்ந்து 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, பிடிவலிமை ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் மரண வாய்ப்பு 16 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. ரத்த அழுத்தத்தைவிடப் பிடிவலிமையே மரணத்தை நன்றாக முன்னறிவித்தது. கையை நம்பியே பிழைக்கும் ஊர்களில் கையின் வலிமையை அளக்க ஒரு முகாம் நடத்துவது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை.

பதனிட்ட தோல் அடுத்து ஷூ கம்பெனிக்குப் போகிறது. அங்கே பெரும்பான்மையோர் பெண்கள். விடிந்ததும் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டிகள் அவர்களை ஏற்றிவரும். இவர்களுக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. அதற்கும் கீழ்ப் படியில் இருப்பவர்கள் கம்பெனிக்குள்ளேயே வராதவர்கள். ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை மூட்டையாகக் கட்டப்பட்டு வீடுகளுக்குப் போகிறது. நடுவில் ஏஜென்ட். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. 2016இல் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து ஆம்பூர் வட்டாரத்தில் இந்தப் பெண்களைச் சந்தித்து அறிக்கை வெளியிட்டன. அதன்படி ஒரு ஜோடிக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் காசில் 10 பென்ஸுக்கும் குறைவு. தடித்த தோலில் ஊசியை இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போகும். தரையில் உட்கார்ந்து குனிந்தே தைப்பதால் கழுத்தும் இடுப்பும் போகும். மங்கிய வெளிச்சத்தில் கண் போகும். கண் போனால் வேலையும் போகும். ஏஜென்ட் அடுத்த வீட்டுக்கு மூட்டையைக் கொடுத்துவிடுவார். அந்தப் பெண்ணுக்கு ஓய்வுபெறும் வயது என்று எதுவும் இல்லை. கண் மங்கும் வயதுதான் உண்டு.

பிரிட்டன் அரசு அலுவலகங்களில் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. சுமார் 18,000 ஆண் ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், அடிநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த வீதம் உயர் அதிகாரிகளைப்போல மூன்று மடங்கு இருந்தது. இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்ல; எல்லோருக்கும் இலவச மருத்துவம் இருந்தது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கழித்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. இரண்டாம் படிக்காரர் முதல் படிக்காரரைவிடச் சற்று முன்னதாக இறந்தார், மூன்றாம் படிக்காரர் அவரைவிட முன்னதாக. அந்த ஆய்வின் தரவை ஆராய்ந்த மைக்கேல் மார்மட் இதைக் கொண்டு வாழ்நாள் முழுக்க வாதாடியது இதுதான்: தன் வேலைமீதும் நாள்மீதும் தனக்குப் பிடிமானம் இல்லாதபோது உடல் இடைவிடாத எச்சரிக்கையில் இருக்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் தணிய வேண்டிய நேரத்தில் தணிவதில்லை. ரத்தக்குழாயில் அழற்சி, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு, சர்க்கரை என்று பத்து இருபது ஆண்டுகளில் அது உடலில் படிகிறது. நாளைக்கு மூட்டை வருமா என்று தெரியாமல் தைக்கும் பெண்ணின் ரத்தத்தில் நடப்பதும் இதே வேதியியல்தான்.

நம் நாட்டில் படி என்பது சம்பளத்தால் மட்டும் ஆனதில்லை. வட, மத்திய, கிழக்கு இந்தியாவின் ஒன்பது மாநிலங்களில் 2 கோடிப் பேரின் தரவை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும், முஸ்லிம்களின் ஆயுள் ஏறத்தாழ ஓர் ஆண்டும் குறைவு என்றது. இந்த இடைவெளியில் பொருளாதார நிலை விளக்கியது பாதியைக்கூட இல்லை. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. ஆனால் தோல் வேலையில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

தொழிலுக்குள் வராமலே உடலைக் கொடுத்தவர்களும் உண்டு. பாலாற்றுக் கிணறுகளில் உப்பேறி வயல்கள் வீணானவர்கள் அவர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மாசுபடுத்தியவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக நிறுவியது. இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. அதன்படி அமைந்த ஆணையம் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டு, 2001இல் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இன்னும் சேராதவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. 1991இல் நாற்பது வயதில் கிணற்றை இழந்த விவசாயிக்கு 2025இல் 74 வயது. நீதியின் தாமதமும் முதுமையை நிர்ணயிக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

முதுமை எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கும் வேலூரில் ஒரு பதில் இருக்கிறது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரின் சில பகுதிகளிலும் அருகிலுள்ள கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடையும் நீளமும் பதிவாகின. அவர்களில் 2,218 பேரை 26 முதல் 32 வயதுக்குள் மறுபடி தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அந்த இளவயதிலேயே பலருக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது, நகரத்தில் கூடுதலாக. சிறுவயதில் ஒல்லியாக இருந்து வளர்ந்தபின் எடை கூடியவர்களுக்கு ஆபத்து அதிகம். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஊட்டம் குறைந்த உடல், உள்ளதைக் கொண்டு பிழைக்கும்படி தன்னை அமைத்துக்கொள்கிறது. கணையமும் தசையும் சிறுத்துப்போகின்றன. பின்னால் சோறும் எண்ணெயும் தாராளமாகக் கிடைக்கும்போது சமாளிக்க முடிவதில்லை. பிரிட்டனின் டேவிட் பார்க்கர் முன்வைத்த கருத்து இது. தோல் குரோமியத்துக்கு மாறிய அதே ஆண்டுகளில் பிறந்த அந்தக் குழந்தைகள் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய முதுமை அவர்களுடைய தாய்மாரின் தட்டில் தொடங்கியது.

உடலின் முதுமையை அளப்பதைவிட மகிழ்ச்சியை அளப்பது கடினம். "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டால் நம்மூரில் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அமர்த்தியா சென் 2002இல் இதைச் சுட்டிக்காட்டினார். நோய் இருக்கிறதா என்று மக்களிடமே கேட்டால் கேரளம் நோயாளிகள் மிகுந்த மாநிலமாகவும் பீகார் ஆரோக்கியமான மாநிலமாகவும் தெரியும். ஆயுளைப் பார்த்தால் நேர்மாறு. படிப்பும் மருத்துவமும் கிடைத்தவருக்குத்தான் தன் நோய் நோயென்று தெரிகிறது. இடுப்பு வலியை 'வேலை செஞ்சா வலிக்கத்தானே செய்யும்' என்று ஏற்றுக்கொண்ட பெண், கணக்கெடுப்பில் ஆரோக்கியமானவராகப் பதிவாவார்.

ஆகவே மகிழ்ச்சியின் குறைவை வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. கணியம்பாடியின் இறப்புப் பதிவேட்டில் அது இருந்தது. 1992 முதல் 2001 வரையான தரவை வைத்து 2004இல் லான்செட் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேரும் ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அக்காலத்தில் அரசுப் பதிவேடுகள் காட்டிய நாட்டின் சராசரி, எல்லா வயதினரையும் சேர்த்து, லட்சத்துக்கு 11 அளவில்தான். காவல் நிலையத்துக்குப் போகாத மரணங்களை வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டறிந்ததால் வெளிவந்த உண்மை அது. உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆண்களே கூடுதலாக இப்படி இறக்கிறார்கள், இங்கே இளம்பெண்கள். அந்த எண்ணைப் படித்தபின் வேலூரின் மகிழ்ச்சியைப் பற்றிய எந்தக் கருத்துக்கணிப்பும் என்னைச் சமாதானப்படுத்தாது. (இதைப் படிக்கும் யாருக்கேனும் அப்படி ஒரு நினைப்பு வந்தால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.)

முதுமையில் மனநிறைவு கூடும் என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆங்கிலம் பேசும் பணக்கார நாடுகளில் அது உண்மைதான். நடுவயதில் தாழ்ந்த மனநிறைவு அறுபதுக்குப்பின் ஏறுகிறது. ஆனால் 2015இல் ஸ்டெப்டோ, டீட்டன், ஸ்டோன் மூவரும் எழுதிய கட்டுரையில், முன்னாள் சோவியத் நாடுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் வயது ஏற ஏற அது இறங்குவதும், சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் எல்லா வயதிலும் தாழ்ந்தே கிடப்பதும் தெரிந்தது. ஓய்வூதியமும் மருத்துவமும் உறுதியாக இருக்கும் இடத்தில்தான் கிழவருக்குச் சிரிப்பு வருகிறது.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதைக் கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். வீடு தேடிச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது உண்மையான உதவி. முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஒரு நாளைக்கு 40 ரூபாய். அதில் 80 வயதுக்குட்பட்டவருக்கு ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். பசி முதியவரின் மனதை உடைக்கிறது என்று நம் மண்ணின் ஆய்வே காட்டியிருக்கும்போது, உதவித்தொகையை உயர்த்துவது ஒரு மனநல சிகிச்சை என்றே நான் கருதுகிறேன். மாத்திரைக்கு ஒதுக்கும் பணத்தைப்போல இதற்கும் ஒதுக்க வேண்டும். ஜோடிக் கணக்கில் வீட்டில் தைப்பவரையும் ஷூ கம்பெனியின் தொழிலாளியாக ஏற்று, இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவர வேண்டும். அவர் கையின் தையல் இல்லாமல் அந்த ஷூ கப்பலேறாது.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு அரசின் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவருக்கு அறுபது வயதுக்குப்பின் மாத ஓய்வூதியம் உண்டு. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் உங்கள் தெருவில் தோல் தைக்கும் ஓர் அக்கா இருந்தால், அவர் பெயர் அந்த வாரியத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆதார் அட்டையோடு அழைத்துப்போய்ப் பதிவு செய்துகொடுங்கள். போகிற வழியில் கொஞ்சம் பேசிக்கொண்டே போங்கள்.